முதியோர்க்குக் கணினி தேர்தல்

கொடை என்பது கொடுப்போனுடைய செல்வத்தை அளக்குங் கருவியன்று. பெறுவோனுடைய குறையை அறிந்து நிரப்புஞ் செயலாகும். இஃது யாவருமறிந்த உண்மையே. எனினும், எம் பழைய மாணவர் பலர் தம் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கணினி வாங்கிக் கொடுக்குமிடத்து இவ்வுண்மையை மறந்துவிடுகின்றனர் என்பது எமது எண்ணம். அன்புக் குறைவினால் அன்று. தமக்குச் சிறந்தது எதுவோ அதுவே அவர்க்குஞ் சிறந்தது என்று கருதுவதனாலேயே இப்பிழை நேர்கின்றது. சமயமும் மொழியும் வரலாறும் பேசுதற்குரிய விழா மலரிலே, கணினியின் உறுப்புக்களைப் பற்றித் தமிழாசிரியன் ஒருவன் எழுதப் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் வினவலாம். பொருந்தும் என்பது மேல்வருவனவற்றால் விளங்கும்.

எனக்குக் கற்பித்த ஆசிரியர் ஒருவர் எண்பது வயதை அணுகியவர். பிள்ளைகள் மூவரும் கடல்கடந்து வாழ்கின்றனர். தம் ஊரிலே வழங்கி மறைந்துவரும் சொற்களை அவர் பல்லாண்டுகளாகக் குறிப்புப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கின்றார். தோட்டத்தில் வழங்குஞ் சொல், கடற்கரையில் வழங்குஞ் சொல், அடுக்களையில் வழங்குஞ் சொல் எனப் பலவகைப்பட்ட அவற்றை அகரவரிசைப்படுத்தித் தம் கையாலேயே கணினியிற் பதித்து நூலாக்க வேண்டும் என்பது அவரது விருப்பம். பிள்ளைகள் மகிழ்ந்து பணம் அனுப்பினர். உறவினனான இளைஞன் ஒருவன் கடைக்குச் சென்று வாங்கி வந்தான். பக்கம் ஒன்று கண்ணாடியாலானது, உள்ளே வண்ண விளக்குகள், மூன்று விசிறிகள், விளையாட்டுப் பிரியர் விரும்பும் பெரிய கிராபிக்ஸ் காட். இவற்றுக்கே பணம் முடிந்துபோகவே, திரை பழையதாயும் சிறியதாயும் அமைந்தது. விசைப்பலகையில் ஆங்கில எழுத்துக்களே இருந்தன. யூ.பி.எஸ். வாங்கப்படவில்லை.

எட்டு மாதங்கழித்து அவரைக் காணச் சென்றேன். கணினி பழைய வேட்டியொன்றினால் மூடப்பட்டிருந்தது. அதன்மேலே பஞ்சாங்கம் இருந்தது. நான் நோக்குவதைக் கண்டு, "தம்பி, பொருள் நல்லதுதான், எனக்குத்தான் அதிலே புள்ளி தெரியவில்லை" என்றார். பிள்ளைகளுக்கு இதனைத் தெரிவிக்க அவர் மனம் ஒருப்படவில்லை. அவர்கள் வருந்துவர் என்று அஞ்சினார்.

அவர் கூறிய புள்ளி, மெய்யெழுத்தின் தலைமேல் நிற்கும் புள்ளியாகும். தமிழெழுத்தைச் சிறிய உருவில் திரையிலே காட்டுமிடத்து முதலில் மறைவது இப்புள்ளியே. அதன்பின் இருசுழி னகரமும் முச்சுழி ணகரமும் ஒன்றுபோலத் தோன்றும். இகர ஈகார விலங்குகளின் வேறுபாடு மங்கும். ஆங்கிலம் வாசிப்போனுக்குப் போதுமான எழுத்தளவு தமிழ் வாசிப்போனுக்குப் போதாது. சொற்றொகுப்பாளர் ஒருவர்க்குப் புள்ளி தெரியாதாயின் அவருடைய தொழிலே நின்றுவிடும். கணினியுறுப்புக்களைத் தேர்தல் தமிழாசிரியன் பேசுதற்குரிய பொருளே என யான் துணிந்தது இதனாலேயாம்.

கடைக்குச் செல்வோர் முதலிற் கேட்பது புரொசெசரைப் பற்றி, பின்னர் நினைவகம், ஈற்றிலே, மிஞ்சிய பணத்துக்குத் திரையும் விசைப்பலகையும். இளைஞர்க்கு இம்முறை ஒருவாறு பொருந்தலாம். முதியோர்க்கு இதனைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும் என்பதே யான் இங்கு வற்புறுத்துவது. கண்ணும் கையும் காதும் தொடும் உறுப்புக்களை முதலில் தேர்க. மின்சாரத்தை அடுத்து நோக்குக. பெட்டிக்குள் இருப்பனவற்றை இறுதியில் நோக்குக. பிள்ளைகளோடு முகம்பார்த்து உரையாடல், பத்திரிகை வாசித்தல், தேவாரங் கேட்டல், கடிதமெழுதல், 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் மின்னூலகத்திலே நம் நாட்டுப் பழைய நூல்களையும் இதழ்களையும் படித்தல் ஆகியனவே முதியோர் பெரும்பாலார்க்கு வேண்டுவன. இவற்றுள் எதுவும் பெருவலி படைத்த எந்திரத்தை வேண்டுவதன்று.

திரையை நோக்குவாம். 24 அங்குலத் திரை, 1920க்கு 1080 என்னும் படப்புள்ளி அளவினதாயின், அங்குலமொன்றில் ஏறத்தாழ 92 படப்புள்ளிகள் அமையும். அதே அளவினதாகிய 27 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 82 அளவிலேயே அமையும். ஆதலின் ஒவ்வோரெழுத்தும் எட்டிலொரு பங்கு பெரிதாகத் தோன்றும். 'நான்கு கே' என்று விளம்பரப்படுத்தப்படும் 27 அங்குலத் திரையிலோ அங்குலத்துக்கு 163 படப்புள்ளிகள் உள. அதன் எழுத்துக்கள் கூர்மையானவை. ஆயினும், அமைப்பிலே பெரிதாக்கிக் கொடாவிடின் அவை மிகச் சிறியனவாகவே தோன்றும். விலை கூடிய திரையே முதியோர்க்கு நல்லது என்பது இதனாற் பொய்யாகின்றது. பளபளப்பில்லாத முகப்பும், உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும் தாங்கியும் உடைய திரையைத் தேர்க. தூரத்துக்கு ஒன்றும் கிட்டத்துக்கு ஒன்றுமாக இருபகுதியமைந்த மூக்குக்கண்ணாடி அணிவோர், திரை உயர்ந்திருப்பின் தலையைப் பின்சாய்த்துக் கீழ்ப்பகுதியால் நோக்குவர். சிறிது பொழுதிற் கழுத்து நோகும். அவர்க்குத் திரை தாழ்ந்திருத்தலே நன்று. கூடுமாயின் முதியவரையே கடைக்கு அழைத்துச் சென்று, தமிழ்ப் பத்திரிகைப் பக்கமொன்றைத் திறந்து, கைநீளத் தூரத்தில் இருந்து வாசிக்கச் சொல்லுக. புள்ளியைத் தடையின்றி வாசிப்பாராயின் அத்திரை அவர்க்கு ஏற்றது. இதனிற் சிறந்த சோதனை பிறிதில்லை.

'மடிக்கணினி வாங்கினால் இத்தொல்லைகள் இல்லையே' என்பார் உளர். இடம்பெயர்த்தல் எளிது, மின்கலம் உள்ளேயே உண்டு என்னும் நன்மைகள் அதற்கு உண்மைதான். ஆயின் 15.6 அங்குல மடிக்கணினியில் அதே 1920க்கு 1080 படப்புள்ளிகள் அங்குலத்துக்கு 141 வீதம் நெருங்கி நிற்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரே முறையிற் காணும் வரிகள் குறையும். திரையும் விசைப்பலகையும் பிரிக்கவொண்ணாதனவாதலின், கைக்கு ஏற்ற உயரத்தில் வைப்பின் கழுத்துக் குனியும். கண்ணுக்கு ஏற்ற உயரத்தில் வைப்பின் கை தூங்கும். நாள்தோறும் இரண்டு மணி நேரம் இருந்து எழுதும் முதியவர்க்கு மேசைக்கணினியே தக்கது.

விசைப்பலகையும் சுட்டியும் விலையாற் சிறியன, பயனாற் பெரியன. எழுத்துப் பெரிதாக அச்சிடப்பெற்ற விசைப்பலகையைத் தேர்ந்து, தமிழெழுத்து ஒட்டிகளை அதில் ஒட்டுக. இளமையிலே தமிழ்த் தட்டச்சுப் பயின்றோர் கைக்கு ரெங்கநாதன் முறையே இயல்பாக வரும்; புதிதாகத் தொடங்குவோர் 1999இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' முறையைப் பழகலாம். எதுவாயினும் கணினியைக் கையளிக்கு முன்னரே அதனை நிறுவிவைத்தல் கொடுப்போன் கடன். சுட்டி கம்பியுடையதாகவே இருக்கட்டும். கம்பியில்லாச் சுட்டிக்கு மின்கலம் மாற்ற வேண்டும். அதன் சிறு செருகி தொலைந்தாலோ சுட்டியும் பயனற்றதாகும். நடுக்கமுள்ள கைக்குச் சுட்டியின் வேகத்தைக் குறைத்தும், இருமுறை அழுத்துவதற்குரிய கால இடைவெளியை நீட்டியும் வைக்கலாம். இதற்குப் பணமே வேண்டியதில்லை. முதுமையிற் செவி முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. அதனால் ஓசை கேட்கும், சொல் விளங்காது. ஆகவே திரையினுள்ளே பின்புறம் நோக்கி அமைந்த சிறிய ஒலிபெருக்கியை நம்பாது, முகத்தை நோக்கி வைக்கத்தக்க சோடி ஒலிபெருக்கிகளை வாங்குக. கமராவைப் பொறுத்தவரை சாதாரணமான ஒன்றே அமையும்; முகத்துக்கு முன்னிருந்து வெளிச்சம் விழுமாறு மேசையை வைப்பது விலைகூடிய கமராவினும் அதிக பயனளிக்கும்.

அடுத்தது மின்சாரம். 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே வேளையில் மின் தடைப்பட்டது. இவை போன்ற பெருந்தடைகள் என்றும் நிகழ்வனவல்ல. ஆயின் ஐந்து நிமிடத் தடையும், மழைக்கால இடிமின்னலும் நமக்குப் புதியனவல்ல. எழுதிக்கொண்டிருந்த பக்கம் ஒருமுறை மறைந்தால் இளைஞன் சினந்து மீள எழுதுவான். முதியவரோ 'என் பிழையால் நேர்ந்தது' என்றெண்ணிப் பின்னர் அதனைத் தொடவே அஞ்சுவார். ஆதலின் யூ.பி.எஸ். ஆடம்பரமன்று. 650 வீ.ஏ. அளவினதே போதும். சிறிய கணினியும் திரையும் சேர்ந்து 40 வாற்று அளவே கொள்ளுமாயின், புதிய மின்கலம் அரைமணி நேரமேனும் தாங்கும். விளையாட்டுக் கணினியாயின் சில நிமிடங்களே தாங்கும். இணைய இணைப்புத் தரும் ரௌற்றரையும் அதே யூ.பி.எஸ்.இற் பொருத்துக. இதனைப் பலர் மறந்துவிடுவதால், கணினி விழித்திருக்கவும் பிள்ளையின் முகம் திரையில் மறைந்துவிடுகின்றது. மின்கலம் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்ற வேண்டியது என்பதையும் வாங்கும்போதே சொல்லி வைத்தல் நன்று.

இனிப் பெட்டியின் உள்ளே புகுவாம். முதியோர் கணினிக்குத் தனியான கிராபிக்ஸ் காட் வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இன்டெல் புரொசெசர்களிற் பெயரின் ஈற்றில் 'எஃப்' என்னும் எழுத்து நின்றால், படங்காட்டும் ஆற்றல் அதனகத்து இல்லை என்பது பொருள். விலை சற்றுக் குறைவென்று அதனை வாங்குவோர், காட் ஒன்றை வாங்காமல் எழுத்தொன்றையும் திரையிற் காணார். எம் ஆசிரியருடைய கணினியும் அத்தகையதே. காட்டைக் கழற்றி விற்று வேறு உறுப்பு வாங்கலாம் என்ற எம் எண்ணம் இதனாலேயே பலிக்கவில்லை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த இன்டெல் 'என் 100' என்னும் புரொசெசர் 6 வாற்று அளவினது. அதனைக் கொண்டமைந்த கையகலக் கணினிகள் மேற்கூறிய பணிகளுக்குப் போதுமானவை. மின்கட்டணமும் குறையும், விசிறியின் இரைச்சலும் குறையும். றம் என்னும் நினைவகம் 8 ஜிகாபைற் வேண்டும். நான்கு குறைவு, 32 வீண். 2025ஆம் ஆண்டின் இறுதியில் நினைவகத்தின் விலை பெரிதும் ஏறியமையால், இங்கே மிகையாக வாங்குதல் முன்னையிலும் பெரிய வீண்செலவாகும். ஆனால் எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்பகத்தில் மாத்திரம் எவ்வித விட்டுக்கொடுப்புங் கூடாது. பழைய வன்தட்டில் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழலும் தட்டு உண்டு. அது தேயும், அதிரும், தாமதிக்கும். எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பு எதுவுமில்லை. 256 ஜிகாபைற் எஸ்.எஸ்.டி. ஒன்று, பழங்கணினிக்கும் புத்துயிர் தரும்.

பணம் மிகக் குறைவாயின், அலுவலகங்களில் இருந்து கழிக்கப்பெற்றுத் திருத்தி விற்கப்படும் மேசைக்கணினிகளை இகழாதிருத்தல் நன்று. டெல் நிறுவனத்தாரின் ஒப்ரிபிளெக்ஸ், லெனோவோ நிறுவனத்தாரின் திங்க்சென்ரர் முதலியன நெடுநாள் உழைப்பதற்கெனவே ஆக்கப்பட்டவை. ஆயின் தலைமுறையை நோக்கி வாங்குதல் வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிவுற்றது. விண்டோஸ் 11க்கு இன்டெல் புரொசெசர்களில் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும் என்பது மைக்ரோசொவ்ற் நிறுவனத்தாரின் விதி. இதனை அறியாத வாடிக்கையாளரிடம் ஆறாம் ஏழாந் தலைமுறைக் கணினிகளை மலிவென்று தள்ளிவிடுவோர் உளர். அத்தகைய கணினி ஏற்கெனவே வீட்டில் இருப்பின், லினக்ஸ் மின்ற் என்னும் இலவச இயக்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். புதிதாகப் பணங்கொடுத்து அதனை வாங்குதல் அறிவுடைமையன்று.

நூறு பங்கு பணம் உண்டெனின், திரைக்கு முப்பது, பெட்டிக்கு நாற்பது, யூ.பி.எஸ்.க்குப் பதினைந்து, விசைப்பலகை, சுட்டி, ஒலிபெருக்கி, கமரா ஆகியவற்றுக்குப் பதினைந்து என வகுப்பேன். சந்தை விலைக்கேற்ப இது சிறிது மாறலாம். பெட்டிக்குப் பாதிக்கு மேல் போகலாகாது என்னும் விதி மாறலாகாது.

இதற்கு மறுப்புக்கள் இரண்டு கூறப்படும். 'கைப்பேசியே போதுமே' என்பது ஒன்று. பேசுதற்கு மாத்திரம் விரும்புவோர்க்கு அது போதும். அவர்மேற் கணினியைச் சுமத்துவதும் பிழையே. எழுதவும் நீளப் படிக்கவும் விரும்புவோர்க்கு அது போதாது. 'வலிமை மிக்கதாக வாங்கினால் நெடுங்காலம் உதவுமே' என்பது மற்றொன்று. இதனைக் கூறுவோர் காலத்தைத் தம் வயதால் அளக்கின்றனர். பத்தாண்டின் பின் வரும் தேவைக்காக இன்றைக்குத் திரையிற் சிக்கனஞ் செய்தல், இன்று காண வேண்டிய கண்ணை மறந்து செய்யுஞ் சிக்கனமாகும்.

உறுப்புக்கள் யாவும் நன்கமைந்தாலும் இன்னும் ஒன்று வேண்டும். அஃது ஊரில் இருந்து உதவும் ஒருவர். கடல்கடந்து வாழும் மகன் நள்ளிரவில் விழித்துத் தொலைபேசியிற் பொறுமையிழந்து சொல்லிக்கொடுப்பதிலும், அயலிலுள்ள மாணவன் ஒருவன் கிழமைக்கு ஒருநாள் வந்து அருகிலிருப்பது பன்மடங்கு நன்று. எம் கல்லூரியின் உயர்வகுப்பு மாணவர் இதனைச் செய்யலாகாதா? முதல் மாதத்தில் நான்கு நாள் வந்திருந்தாலே பெரும்பாலும் அமையும். வங்கியின் இரகசிய இலக்கத்தை எவர் கேட்பினும் சொல்லலாகாது என்பதையும் அம்மாணவன் அப்போதே விளக்கி வைக்கலாம்.

எம் ஆசிரியருடைய கண்ணாடிப் பெட்டியைப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் விலைக்கு வாங்கிக்கொண்டான். அவனுக்கு அது மிகவும் பயன்பட்டது. அப்பணத்தில், திருத்தப்பெற்ற அலுவலகக் கணினியொன்றும், எஸ்.எஸ்.டி.யும், 24 அங்குலத் திரையும், யூ.பி.எஸ்.உம் வாங்கினோம். கடையிலே அவர் பத்திரிகைப் பக்கத்தை வாசித்துக் காட்டினார். ஒரு புள்ளியும் தப்பவில்லை. பிள்ளைகளுக்கும் உண்மையைத் தெரிவித்தோம். அவர்கள் வருந்தவில்லை, முன்னமே சொல்லவில்லையே என்றுதான் கடிந்துகொண்டனர். இப்பொழுது ககரவரிசை முடிந்து சகரவரிசையில் நிற்கின்றார். நாளைக்கு இருபது சொற்கள் வீதம் பதிக்கின்றார். நூல் நிறைவுறும் என்றே நம்புகின்றோம்.

ஆயினும், கணினி வேட்டியின்கீழ் உறங்கிய அந்த எட்டு மாதங்களை அவர்க்கு மீட்டுக் கொடுத்தல் எவராலும் இயலாது. இளைஞன் ஒருவனுக்குத் தவறான பொருளை வாங்கிக் கொடுத்தாற் பணம் மாத்திரமே நட்டம். முதியவர்க்குக் கொடுத்தாற் காலமும் நட்டம். விழாக் கொண்டாடும் இவ்வாண்டிலே தம் தந்தையார்க்கோ தாயார்க்கோ ஆசிரியர்க்கோ கணினியொன்று வாங்கக் கருதும் பழைய மாணவரை யான் வேண்டிக்கொள்வது இதுவே. கடைக்காரரிடம் கேட்கு முன் முதியவரிடங் கேளுங்கள். அவருடைய கண்ணை அளந்து திரையை வாங்குங்கள். புள்ளி தெரிகின்றதா என்று உறுதிசெய்துகொண்டு பணத்தைக் கொடுங்கள்.